ஒட்டுகிற கிளச்சும் வழுக்குகிற நியாயமும்

மன்னார்த் தீவில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எவரும் என்றோ ஒரு நாள் கேட்டிருக்கக்கூடிய தீர்ப்பு ஒன்று உண்டு: "கிளச் பிளேட் செட்டை மாத்தவேணும்." கிளச் வழுக்கினாலும் இதே தீர்ப்பு, ஒட்டினாலும் இதே தீர்ப்பு. காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் ஒரே குளிசையைக் கொடுக்கும் வைத்தியரை நாம் ஊரில் வைத்திருப்போமா? கராஜில் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

என்னிடம் இருப்பது பழைய ஹொண்டா சீ.டி. 125. சென்ற மாரியில் மூன்று மாதங்கள் கொழும்பில் தங்க நேர்ந்தமையால் அது கொட்டகையிலேயே நின்றது. திரும்பிவந்து உதைத்தபோது எஞ்சின் உடனே இயங்கியது. ஆனால் முதலாம் கியரைப் போட்டதும், கிளச் பிடியை முழுவதும் அழுத்தியிருந்தும், வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. தள்ளிக்கொண்டு போன இடத்தில் இளைஞர் ஒருவர் வண்டியைத் தொடாமலே சொன்னார்: "பிளேட் முடிஞ்சுது ஐயா. செட்டோட மாத்துவம். இல்லாட்டில் இதைக் குடுத்துப்போட்டு லீசிங்கில புதுசு எடுங்கோ."

நான் பேசாலைப் பக்கம் உள்ள ஒரு முதியவரிடம் போனேன். அவர் பிடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். எஞ்சின் பக்கமுள்ள கிளச் நெம்பு எவ்வளவு அசைகிறது என்று குனிந்து பார்த்தார். "தம்பி, இது ஒட்டுது, வழுக்கேல்லை. பிளேட் தேய்ஞ்சால் வழுக்கும். ஒட்டுறதுக்குப் புதுப் பிளேட் என்னத்தைச் செய்யும்?" என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்விக்குள் விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இத்தகைய வண்டிகளின் கிளச், ஒயிலில் தோய்ந்தபடி சுழலும் பல தட்டுகளின் அடுக்கு. உராய்வுத் தட்டும் உருக்குத் தட்டும் மாறி மாறி இருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கி வைத்திருக்கும். பிடியை அழுத்தும்போது அந்த இறுக்கம் தளர்ந்து தட்டுகள் பிரியவேண்டும். உராய்வுத் தட்டுத் தேய்ந்தால் இறுக்கம் போதாமல் வழுக்கும்: எஞ்சின் இரையும், வண்டி ஓடாது. ஒட்டுதல் இதற்கு நேர்மாறான நோய். அதிலே தட்டுகள் பிரிய மறுக்கின்றன. முன்னையதற்குப் புதிய பிளேட் மருந்தாகலாம். பின்னையதற்கு அது பெரும்பாலும் மருந்தல்ல, வீண் செலவு.

அப்படியானால் ஒட்டுவதற்குக் காரணங்கள் எவை? மலிவானதிலிருந்து தொடங்குவோம். முதலாவது, பிடியின் தளர்வு. அதன் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருந்தாற் போதும். அதற்கு மேல் தொய்ந்தால் அழுத்தம் முழுமையாகப் போய்ச் சேராது. இரண்டாவது, கேபிள். இரு பக்கமும் கடல் சூழ்ந்த இத்தீவில் உப்புக்காற்று உறைக்குள் நுழைந்து கம்பியைக் கறள் பிடிக்கச் செய்யும். மூன்றாவது, எஞ்சின் பக்கத்து நெம்பின் அச்சு. அதுவும் கறளில் இறுகும். நான்காவது, பழுதான அல்லது அளவுக்கு மீறித் தடித்த ஒயில். ஐந்தாவது, நெடுநாள் நின்றதால் தட்டுகள் தம்முள் ஒட்டிக்கொள்வது. இவை அனைத்தையும் பார்த்த பின்னரே மூடியைக் கழற்றவேண்டும். கழற்றினாலும், உருக்குத் தட்டுக் கோணியிருக்கிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். கிளச் கூடையின் விரல்களில் விழுந்த பள்ளங்களை அரத்தால் சீராக்கலாம்.

முதியவர் கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, மேல்முனையில் கடதாசிக் கூம்பு செய்து ஒயில் வார்த்தார். அடிமுனையில் முதலில் செம்மண் நிறத்திலும் பின்னர் தெளிவாகவும் சொட்டியது. நெம்பின் அச்சைத் துடைத்துக் கிறீஸ் பூசினார். பின்பு எஞ்சினை நிறுத்தியபடியே கியரைப் போட்டு, பிடியை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினார். ஏழெட்டு உலுக்கலில் தட்டுகள் விட்டுக்கொடுத்தன. தளர்வைச் சரிசெய்து, ஒயிலை மாற்றச் சொன்னார். புதிய உதிரிப்பாகம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடைக்குட்பட்ட பெருநிலப்பரப்பில் பெற்றோலும் உதிரிப்பாகமும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலிற் கலந்து அதைக் கெடுக்கும் என்பதையும் அக்காலத்து மெக்கானிக்குகள் கண்டறிந்தே வைத்திருந்தனர். மாற்ற வழியில்லாதவன் காரணத்தைத் தேடினான்.

அக்காலத்துக் காவலரண்களையும் நினைத்துப் பார்க்கிறேன். நிற்கச் சொன்ன இடத்தில், கிளச் ஒட்டியதால் வண்டி இரண்டடி பாய்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இன்று அந்த அச்சம் இல்லை. ஆயினும் சந்தையடியில் வண்டி தானாகத் துள்ளினால் முன்னால் நிற்பது ஒரு குழந்தையாக இருக்கலாம். இத்தீவின் கழுதையாகவும் இருக்கலாம். ஆகவே ஒட்டும் கிளச்சைச் சட்டை செய்யாமல் ஓட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. சரியாகத் திருத்துங்கள் என்றே சொல்கிறேன்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழிவிட்டது. இடையில் 2022 இல் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அந்த ஆண்டுகளில் பழைய வண்டியே சொத்தாயிற்று. தடை நீங்கியதும் 'குடுத்துப்போட்டுப் புதுசு எடுங்கோ' மீண்டும் ஒலிக்கிறது. விடியலில் மீன்பெட்டி கட்டி ஓடும் ஒரு சிறு வியாபாரி, ஒரு கறள் பிடித்த கேபிளுக்காகப் பல ஆண்டுத் தவணைக்குள் விழுவது என்ன நியாயம்? கடல் பொய்த்த மாதத்திலும் தவணை பொய்ப்பதில்லையே!

இளைஞரை மட்டும் குறை கூறி முடித்தால் அது நேர்மையாகாது. உதிரிப்பாகத்தின் விலையைப் பேசாமல் கொடுக்கும் நாம், கூலியென்று வந்ததும் நூறு ரூபாவுக்கு மல்லுக்கட்டுகிறோம். அரைமணி நேரம் ஆராய்ந்து "கேபிள்தான்" என்று சொல்பவருக்குத் தேநீர்க் காசு. ஆராயாமல் செட்டை மாற்றுபவருக்கு முழுக்காசு. இந்த ஊதிய முறையில் எந்த இளைஞன் காரணத்தைத் தேடுவான்?

ஆகவே மூன்று காரியங்கள் வேண்டும். கழற்றுமுன் மெக்கானிக் காரணத்தைச் சொல்லவேண்டும். மாற்றிய பழைய பாகத்தை உரிமையாளரின் கையில் கொடுக்கவேண்டும். நோயைக் கண்டறிந்ததற்கு, பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும், நாம் கூலி கொடுக்கவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் மாணவருக்கு மாற்றக் கற்பிக்குமுன் கண்டறியக் கற்பிக்கட்டும்.

முதியவர் ஒன்றும் கேட்கவில்லை. பிளேட் செட்டுக்கென எடுத்துவந்த காசில் பாதியை நீட்டினேன். "இதுக்கு இவ்வளவோ தம்பி?" என்று தயங்கினார். "பார்த்துச் சொன்னதுக்கு, அண்ணை" என்றேன். வாங்கிக்கொண்டார்.