கம்பத்தில் ஒரு பெட்டி!

வாசலில் விளக்குக் கம்பம் நிற்கிறது. ஒரு நாள் அதில் ஒரு பெட்டி முளைக்கிறது. செல்போன் அலைகளை அனுப்பும் சிறு கருவி அது. யாரைக் கேட்டு வைத்தார்கள்?

அமெரிக்காவில் உள்ள சான்பிரான்சிஸ்கோ, குன்றும் கடலும் சூழ்ந்த அழகிய நகரம். தெருக் கம்பங்களில் இத்தகைய கருவிகளை மாட்டுவதற்கு நகரசபையின் அனுமதி வேண்டும் என்று அங்கு 2011-ல் சட்டம் வந்தது. தெருவின் அழகு கெடுமா என்பதையும் பார்த்தே அனுமதி கிடைக்கும். செல்போன் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. "நகரசபையின் சட்டம் செல்லும்" என்று 2019-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

நல்ல தீர்ப்பு! தெரு, கம்பெனியின் சொத்து அல்ல. அங்கு வாழும் மக்களின் சொத்து.

அதற்காக நகரசபை மனுவைக் கிடப்பில் போடலாமா? கூடாது. நள்ளிரவில் குழந்தைக்கு ஜுரம் என்றால், டாக்டரை அழைக்கவும் செல்போன்தானே வேண்டும்? அந்நாட்டு மத்திய தகவல் தொடர்பு கமிஷன் 2018-ல் இதற்குக் கெடு வைத்தது. ஏற்கனவே உள்ள கம்பம் என்றால் 60 நாள். புதுக் கம்பம் என்றால் 90 நாள்.

கெடுவும் வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும். என்ன நிறம், எவ்வளவு பெரிது, எந்த இடம் என்பதை நகரசபை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி இருக்கட்டும். பிறகு சண்டை எதற்கு?