காட்டின் மௌனத்தில் இறைவன்



அறுகம்பேக்கு விடுமுறையில் செல்வோர், பாணமைக்குத் தெற்கே காட்டினுள் குடும்பிகல பௌத்தத் துறவுமடத்தைக் காணலாம். அதன் குகைகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன.

"வேற்றுச் சமயத்தாரின் இடம் நமக்கெதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். ஆர்மேனியாவின் திலிஜான் வனப்பகுதியில், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், மக்கித்தார் கோஷ் என்னும் கிறிஸ்தவத் துறவியும் கோஷவாங்க் மடத்தை எழுப்பினார். இருசாராரையும் காட்டிற்கு அழைத்தது மௌனத்தின் மீதான தாகமே. பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது.

2009இல் போர் முடிந்தும் மனக்காயங்கள் முற்றாக ஆறாத மண் இது. பிறருடைய புனித இடத்தில் ஆரவாரமின்றிப் பணிவோடு நிற்பதும் சமாதானப் பணியே. அதிகாலையில் தனிமையை நாடிச் செபித்தவர் நம் ஆண்டவர். ஆகவே, அங்கே காலணியைக் கழற்றும்போது கைப்பேசியையும் அணைத்து வைப்போம். நம் பிள்ளைகளுக்கும் அம்மௌனத்தைப் பழக்குவோம்.