ஒன் மினிட் சார்!

தமிழ்நாட்டில் தினமும் அதிகமாகச் சொல்லப்படும் பொய் எது? சந்தேகமே வேண்டாம். ‘ஒரு நிமிஷம்!’

வல்லத்தில் செஞ்சி பஸ் ஏறி உட்கார்ந்து, ‘எப்பண்ணே எடுப்பீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தோ, ஒரு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டு டிரைவர் டீக்கடைக்குள் போவார். அப்புறம் நாம் செய்தித்தாளில் வரி விளம்பரம் வரை படித்து முடிக்கலாம். 1690-ல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்ட மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கானுக்கு, கோட்டை கைக்கு வந்தது 1698-ல். அவரிடமும் வாசலில் யாரோ ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லியிருக்க வேண்டும்!

டிரைவர் மேல் கோபம் வேண்டாம். ‘மினிட்’ என்ற வார்த்தைக்குப் பிறவியில் அறுபது செகண்ட் என்ற அர்த்தமே கிடையாது. லத்தீனில் ‘மினுட்டா’ என்றால் சிறியது. அவ்வளவுதான். வட்டத்தின் ஒரு டிகிரியை அறுபதாக வெட்டி, ‘முதல் சின்னத் துண்டு’ என்று பேர் வைத்தார்கள். அதையும் அறுபதாக வெட்டினால் ‘இரண்டாவது சின்னத் துண்டு’. முதலாவதில் ‘சின்ன’ என்பது மட்டும் மிஞ்சி மினிட் ஆனது. அடுத்ததில் ‘இரண்டாவது’ மட்டும் மிஞ்சி செகண்ட் ஆனது. ஓட்டப்பந்தயத்தில் செகண்ட் வருகிறவனும் கடிகாரத்து செகண்டும் ஒரே வார்த்தை என்பது இதனால்தான்.

அறுபது கணக்கு பாபிலோன்காரர்களுடையது. நம்மவர்களும் சளைத்தவர்களில்லை. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை என்பது 24 நிமிஷம். அப்படியானால் பழைய விநாடி 24 செகண்ட். இன்று செகண்டையே விநாடி என்கிறோம். நடுவில் 23 செகண்டை யார் அமுக்கினார்கள் என்று தெரியவில்லை! ‘நிமிஷம்’ வடமொழியில் கண் இமைக்கும் நேரம். ‘நொடி’ விரல் சொடுக்கும் நேரம். எழுத்தின் மாத்திரைக்குத் தொல்காப்பியர் சொன்ன அளவும் இந்தக் கண்ணும் விரலும்தான்.

ஆபீஸில் இன்னொரு மினிட் உண்டு. மீட்டிங் மினிட்ஸ். அதுவும் அதே ‘சின்ன’ சமாசாரம்தான், சுருக்கக் குறிப்பு. ஆனால் சின்னது என்று அலட்சியம் பண்ணாதீர்கள். 1835 பிப்ரவரி 2-ம் தேதி மெக்காலே எழுதிய கல்விக் குறிப்புக்கும் ‘மினிட்’ என்றுதான் பேர். அடுத்த மாதமே பெண்டிங்க் துரை ஆங்கிலக் கல்விக்கு உத்தரவு போட்டார். நாம் இன்று ‘ஒன் மினிட் சார்’ என்று இங்கிலீஷில் பொய் சொல்ல முடிவது அந்த மினிட்டின் புண்ணியம்!

பி.காம். படித்த தோஷம், இதையும் சொல்லிவிடுகிறேன். 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம், 118-வது பிரிவு: போர்டு மீட்டிங், பொதுக்குழு முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். முறைப்படி எழுதிய மினிட்ஸ்தான் சாட்சி. அதில் கை வைத்துத் திருத்தினால் 2 வருஷம் வரை ஜெயில், அபராதம் தனி.

ஆனால் நம்மைப் போன்ற சிப்பந்திகளின் மீட்டிங்குக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. என் நண்பர் ஒருவருக்கு, பத்து பேர் எதிரில், ‘ஏப்ரல்ல உனக்கு இன்க்ரிமென்ட்டுப்பா’ என்றார் மேனேஜர். எல்லோரும் கை தட்டினார்கள். ஏப்ரல் வந்தது. இன்க்ரிமென்ட் வரவில்லை. மேனேஜரும் மாற்றலாகிப் போய்விட்டார். மினிட்ஸைப் புரட்டினால், அன்றைய டீ, சமோசா செலவுக்கு ஒப்புதல் இருந்தது. இன்க்ரிமென்ட் இல்லை. கை தட்டிய பத்து பேருக்கும் திடீரென்று ஞாபக மறதி.

ஆகவே தம்பிகளே, அடுத்த மீட்டிங்கில் யாராவது வாயால் வாக்குக் கொடுத்தால் உடனே பல்லைக் காட்டாதீர்கள். அன்று சாயந்திரமே, ‘இன்று தாங்கள் சொன்னபடி...’ என்று நாலு வரி மெயில் தட்டி விடுங்கள்.

அதற்கு நிஜமாகவே ஒரு நிமிஷம்தான் ஆகும்.