கேள்வி கேட்கும் யோக்யதை

நடிகைகளிடம் ரசிகர்கள் கேட்கும் கேள்விகளை நான் விடாமல் படித்து வருகிறவன். பதில்களை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கேள்விகள்தாம் விசேஷம். ஒரு சமூகம் தன் மனத்தில் கிடப்பதையெல்லாம் வெட்கமில்லாமல் வெளியே எடுத்து வைக்கும் இடம் அது. கதை எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விகள் தபால் கார்டில் வந்தன. பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் ஒலிவாங்கியை நீட்டிக் கேட்டார்கள். இப்போது கைபேசியில் தட்டிக் கேட்கிறார்கள். சாதனம் மாறிற்றே தவிர, கேள்வி மாறவில்லை. "உங்களுக்குக் கல்யாணம் எப்போது?" "கல்யாணத்துக்குப் பிறகும் நடிப்பீர்களா?" "நீங்கள் நடிப்பதை உங்கள் கணவர் ஆட்சேபிக்கவில்லையா?" "ஷூட்டிங் போய்விட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. "அன்பினால் கேட்கிறோம்; நம் வீட்டுப் பெண்ணாக நினைத்துக் கேட்கிறோம்" என்பார்கள். நான் சொல்கிறேன், இவை கேள்விகளே அல்ல. பதிலைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தால்தான் அது கேள்வி. இங்கே தீர்ப்பை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, கையெழுத்துக்கு மட்டும் அந்தப் பெண்ணிடம் காகிதத்தை நீட்டுகிறார்கள். "கல்யாணத்துக்குப் பிறகு நடிக்க மாட்டேன், குடும்பம்தான் எனக்கு எல்லாம்" என்று அவள் சொன்னால், நல்ல பெண். "நடிப்பேன்" என்றால், பணத்தாசை பிடித்தவள். "அது என் சொந்த விஷயம்" என்றால், திமிர் பிடித்தவள். நாலாவதாக ஒரு பதில் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள்.

நம் மொழியில் ஒரு பாராட்டு வழங்குகிறது: "குடும்பப் பாங்கான நடிகை." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. குடும்பப் பாங்கான நடிகர் என்று எவரையாவது நீங்கள் பாராட்டியதுண்டா? நடிகனுக்கு வீரம் உண்டு, ஸ்டைல் உண்டு, குரல் உண்டு, கம்பீரம் உண்டு. நடிகைக்குப் பாங்கு. அதிலும், ஒருத்தியைக் குடும்பப் பாங்கு என்று சொல்லும்போதே மற்றவர்கள் எல்லாரும் வேறு ஏதோ பாங்கு என்று சொல்லாமல் சொல்லியாகிவிடுகிறது. புகழ்ச்சி ஒருத்திக்கு, வசவு ஊருக்கெல்லாம்.

நான் நாவல் எழுதுகிறவன். எனக்கும் வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். கதைக்கு விஷயம் எங்கிருந்து கிடைக்கிறது, எந்த நேரத்தில் எழுதுவீர்கள், அந்தக் கதாநாயகியை ஏன் சாகவிட்டீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். "நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதும்போது உங்கள் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. எனக்கும் குழந்தைகள் உண்டு, அவர்களுக்கும் பசிக்கும். ஆனால் நான் எழுதுவது தொழில். ஒரு பெண் நடித்தால், வீட்டுக்குத் தெரியாமல் செய்கிற காரியம் போல அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சந்தேகம் சினிமாவோடு கூடவே பிறந்தது. 1913-இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண் அகப்படவில்லை. சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாலுங்கே என்ற இளைஞர் புடவை கட்டிக்கொண்டு, பதிவிரதா சிரோமணியாக நின்றார். பால்கேயின் அடுத்த படமான 'மோகினி பஸ்மாசுர'னில்தான் பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் யார்? துர்காபாய் காமத் என்கிற தாயும், கமலாபாய் என்கிற மகளும். கணவரைப் பிரிந்து, ஒண்டியாக நின்று மகளை வளர்த்த ஸ்திரீ துர்காபாய். "தொழிலையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று அடுக்கடுக்காகக் கேட்கிறோமே, இந்த நாட்டுச் சினிமாவின் முதல் நடிகை சினிமாவுக்கு வந்ததே குடும்பத்தைச் சமாளிக்கத்தான்!

தமிழ் பேசிய முதல் படம் 1931-இல் வந்த 'காளிதாஸ்'. அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமி. பால்ய விவாகம் முறிந்து, பிழைப்புக்காக நாடக மேடை ஏறியவர். 1936-இல் தாமே கதை எழுதி, தாமே தயாரித்து, தாமே டைரக்ட் செய்து 'மிஸ் கமலா' என்ற படத்தைக் கொண்டுவந்தார். நடிகையின் சம்பாத்தியத்தில் அடுப்பெரிந்த வீடுகள் கோடம்பாக்கத்தில் எத்தனையோ உண்டு. அந்த அடுப்பைக் காட்டி அவளையே கேட்கிறோம், "உனக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று.

'கல்யாணத்துக்குப் பிறகும் நடிப்பீர்களா' என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் பானுமதியைப் பாருங்கள். 1943-இல் அவருக்குத் திருமணம். சினிமாவை விட்டுவிடுவது என்றுதான் அப்போது இருந்தார். 1945-இல் 'ஸ்வர்க்கசீமா'வில் திரும்பி வந்தார். நாம் அறிந்து கொண்டாடுகிற பானுமதி அதற்குப் பிறகு வந்தவர்தாம். 1953-இல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் டைரக்ட் செய்தார். 1954-இல் 'மலைக்கள்ளன்', 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1962-இல் 'அன்னை' எல்லாம் தாலி கட்டிக்கொண்ட பிறகு வந்தவை. கணவரோடு சேர்ந்து மகன் பெயரால் ஸ்டூடியோ நடத்தினார், பாடினார், தெலுங்கில் சிரிக்கச் சிரிக்க மாமியார் கதைகள் எழுதினார். அந்த அம்மாள் வீட்டில் இருந்திருந்தால் எந்த வீடு வாழ்ந்திருக்குமோ நான் அறியேன். தென்னிந்திய சினிமா ஏழையாகியிருக்கும் என்பதை மட்டும் அறிவேன்.

சாவித்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய இல்வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் தெரியாத தமிழன் இருக்கிறானா? யாரை மணந்தார், எப்படி மணந்தார், எப்படிப் பிரிந்தார், எப்படிச் சொத்திழந்தார், எத்தனை மாதம் நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பரில் கண்ணை மூடினார் என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அவர் டைரக்ட் செய்த படங்கள் எவை என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மூச்சு இராது. 1968-இல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' என்று ஒரு படத்தை டைரக்ட் செய்தார். அதற்கு இசை பி. லீலா. 1971-இல் தமிழில் 'பிராப்தம்' தயாரித்து டைரக்ட் செய்தார். அவருடைய படுக்கையறையின் சரித்திரம் நமக்கு மனப்பாடம். அவருடைய வேலையின் சரித்திரம் தெரியாது. இதற்குப் பெயர் அன்பா?

இன்னும் ஒன்று கவனியுங்கள். அதே கல்யாணத்தில் ஒரு புருஷனும் இருந்தார். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, மக்கள் உண்டு. அவருக்கு நாம் கொடுத்த பட்டம் 'காதல் மன்னன்.' ஒரே கதைதான். அவருக்குக் கிரீடம் வைத்தோம், அவளைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்றோம். ஜெமினி கணேசனை நான் குற்றம் சொல்ல வரவில்லை. அவர் நல்ல நடிகர். நம்முடைய தராசைச் சொல்கிறேன்.

"நம் காசில்தானே அவள் பிழைக்கிறாள்? பொது வாழ்க்கைக்கு வந்தவள் பதில் சொல்லத்தானே வேண்டும்?" என்று ஒரு வாதம் வரும். நீங்கள் காசு கொடுத்தது இரண்டரை மணி நேரத்துக்கு. அதுவும் ஒரு நாற்காலிக்கு. அந்த டிக்கெட்டில் அவள் வீட்டுச் சாவியை யாரும் சேர்த்துக் கட்டித் தரவில்லை. பல் பிடுங்கினதற்குக் காசு கொடுத்தோம் என்பதற்காக டாக்டரிடம் போய், "உங்களுக்கும் உங்கள் சம்சாரத்துக்கும் சுமுகமாக இருக்கிறதா?" என்று கேட்போமா?

"அவளே சிரித்துக்கொண்டுதானே பதில் சொல்கிறாள்?" என்பார்கள். சொல்லாமல் என்ன செய்வாள்? படம் ஓடவேண்டும் என்று தயாரிப்பாளர் பின்னால் நிற்கிறார். முகம் சுளித்தால் மறுநாள் அதுவே தலைப்புச் செய்தி. சிரிப்பதும் அவளுடைய உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது. ஆகவே அவள் மனப்பாடம் செய்துகொள்கிறாள்: "எனக்குக் குடும்பம்தான் முதல். ஷூட்டிங் இல்லாத நாளில் நானே சமைப்பேன்." நமக்குத் திருப்தி.

சினிமாக்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று விட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். விட முடியாது. நடிகையிடம் வேடிக்கையாகக் கேட்ட கேள்வி, வேறு வேஷம் போட்டுக்கொண்டு நம் வீட்டுப் பெண்களிடம் வருகிறது. சி. பி. முத்தம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் படித்தவர், இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியின் விதிகளில் ஒன்று என்ன சொல்லிற்று தெரியுமா? பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்வதற்கு முன் அரசாங்கத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். குடும்பக் கடமைகள் வேலைக்கு இடைஞ்சலாகும் என்று அரசாங்கம் நினைத்தால் அவளை ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இப்படி இல்லை. முத்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அரசாங்கத்துக்கு வெட்கம் வந்தது; 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கண்டித்து எழுதினார். ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் முதல் தடவை கர்ப்பமானாலே வேலை போய்விடும் என்று விதி இருந்தது. 1981-இல்தான் சுப்ரீம் கோர்ட் அதை அடித்துப் போட்டது.

"கல்யாணத்துக்குப் பிறகும் நடிப்பீர்களா?" என்ற கேள்வியையும் இந்த விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டப் புத்தகத்தில் ஏறினால் விதி. பத்திரிகையில் ஏறினால் ரசிகர் கேள்வி. சட்டத்திலிருந்து அதை எடுத்தாகிவிட்டது. நம் வாயிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. இன்றைக்கும் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு எதிரே உட்காரும் பெண்ணிடம், "சீக்கிரம் கல்யாணம் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் நடிகையின் பேட்டியைப் படித்தவள்தான். இந்தக் கேள்வி வந்தால் சிரிக்க வேண்டும், மழுப்ப வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

அப்படியானால் நடிகையிடம் கேட்க ஒன்றுமே இல்லையா? ஏராளமாக இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை தாக்கப்பட்டார். சக நடிகைகள் ஒன்று சேர்ந்து முறையிட்டார்கள். நீதிபதி ஹேமா தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. 2019 டிசம்பரில் அறிக்கை கொடுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில்தான், சில பகுதிகளை மறைத்து, வெளியே விட்டார்கள். நாலரை வருஷம் அது அரசாங்க அலமாரியில் கிடந்தது. பாலியல் தொல்லைகளைப் பற்றி அதில் இருந்ததைப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு மறக்க முடியாத விஷயம் வேறு. படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது, உடை மாற்ற அறை கிடையாது. அதனால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் வாங்கிக்கொள்கிறார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

சமைக்கத் தெரியுமா என்று கேட்டோமே, தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று கேட்டோமா? வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, பேசிய சம்பளம் கைக்கு வந்ததா, ராத்திரி எத்தனை மணிக்கு விட்டார்கள், ஒத்துக்கொள்ளாத காட்சியில் நடிக்கச் சொன்னால் மறுக்க முடியுமா என்று கேட்டோமா? குடும்பத்தைப் பற்றித்தான் கேட்பேன் என்று பிடிவாதமா? நல்லது, அதையும் உருப்படியாகக் கேளுங்கள். படப்பிடிப்பு இடத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு நிழலான மூலை உண்டா என்று கேளுங்கள். துணை நடிகையாக வருகிற தாய்மார்களையும் சேர்த்துக் கேளுங்கள். அது அன்பு. அந்தக் கேள்விக்கு நடிகை மட்டுமல்ல, தயாரிப்பாளரும் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, அதை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அச்சாவதில்லை.

ரசிகப் பெருமக்களுக்கு நான் ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த முறை ஒரு நடிகைக்குக் கேள்வி எழுதும்போது, அவள் பெயரை அடித்துவிட்டு, உங்கள் அபிமான நடிகரின் பெயரைப் போட்டு ஒரு தரம் படியுங்கள். "திரு. இன்னார் அவர்களே, கல்யாணத்துக்குப் பிறகும் நடிப்பீர்களா? உங்கள் மனைவி ஆட்சேபிக்கவில்லையா? உங்களுக்கு ரசம் வைக்கத் தெரியுமா?" படித்ததும் சிரிப்பு வந்தால் அந்தக் கேள்வியைக் கிழித்துப் போடுங்கள். பத்திரிகை ஆசிரியர்களும் இதே பரீட்சையை வைத்துக்கொள்ளலாம். பக்கம் குறையும், மரியாதை கூடும்.

நடிகைகளுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்களுடைய சங்கடம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் எவளாவது ஒருத்தி துணிந்து, "அது என் விஷயம், என் வேலையைப் பற்றிக் கேளுங்கள்" என்று சொன்னால், அதைத் திமிர் என்று எழுதாதீர்கள். அதையே பதிலாக ஏற்றுக்கொண்டு, அவள் வேலையைப் பற்றி அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.