தவளையும் ஓர் அமானிதமே

கண்ணாடித் தொட்டியில் தவளை வளர்க்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. தென் அமெரிக்காவின் கொம்புத் தவளை, ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை, ஆப்பிரிக்காவின் குள்ளத் தவளை ஆகியவை செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படுகின்றன. பூனையைக் கொஞ்சுவதைப் போலவே தவளையையும் கையில் எடுத்துக் கொஞ்சப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். "நாளும் எடுத்துப் பழக்கினால் பழகிவிடும்" என்று பெரியவர்களும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தவளையிடம் அன்பு கொண்டவர், தேவையின்றி அதைத் தொடாதிருப்பதே முறை.

உயிரினங்களை வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் பரிவோடு விசாரித்த செய்தியை நாம் அறிவோம். பூனையை அடைத்து வைத்து உணவளிக்காமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் நமக்குத் தெரிந்ததே. தவளையைப் பற்றியே தனியாக ஒரு செய்தியும் உண்டு. மருந்தில் தவளையைச் சேர்ப்பது குறித்து ஒரு மருத்துவர் கேட்டபோது, அதைக் கொல்வதை நபியவர்கள் தடுத்தார்கள் என்று அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கொல்லாதே என்பதற்குத் தொடாதே என்று பொருளில்லை. ஆயினும் மருந்தின் பொருட்டும் கொல்லலாகாத ஓர் உயிரை, வெறும் வேடிக்கைக்காக வதைப்பது எவ்வாறு தகும்?

வதை என்ற சொல் மிகையாகத் தோன்றலாம். தவளையின் உடலமைப்பை அறிந்தால் அவ்வாறு தோன்றாது. தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. வயிற்றுப் புறத்தோலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சுக் காற்றின் ஒரு பகுதியையும் தோல் வழியாகவே பெறுகிறது. ஆகவே நம் கையில் ஒட்டியிருக்கும் சோப்பு, அத்தர், கொசு விரட்டும் களிம்பு, கிருமிநாசினி ஆகியவை அதன் உடலுக்குள்ளேயே சென்றுவிடக்கூடும். நமக்கு நறுமணமாக இருப்பது அதற்கு நஞ்சாகலாம். வறண்ட கை அதன் தோலைக் காக்கும் வழவழப்பான படலத்தைச் சிதைக்கிறது.

அஞ்சிய தவளை தன் அச்சத்தைத் தெளிவாகவே காட்டுகிறது. கொம்புத் தவளை உடலை ஊதிப் பெருக்கி, வாயைப் பிளந்து அலறும். நெருங்கும் விரலை இறுகக் கடிக்கும். தீ வயிற்றுத் தேரை முதுகை வளைத்துத் தன் வயிற்றின் எச்சரிக்கை நிறத்தைக் காட்டும். மடகாஸ்கரின் தக்காளித் தவளை பசை போன்ற வெண்ணிற நீரைச் சுரக்கும். தேரைகளின் கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பிகளில் நஞ்சு உண்டு. கையில் எடுத்தவுடன் பல தவளைகள் சிறுநீர் கழிக்கும். அதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிறுநீர்ப்பையோ பல தவளைகளுக்கு நீர்ச் சேமிப்பு. அச்சத்தில் அதையும் அது இழந்துவிடுகிறது.

"எங்கள் வீட்டுத் தவளை இப்படியெல்லாம் செய்வதில்லை, அமைதியாகக் கையில் அமர்ந்திருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. பச்சை மரத்தவளை போன்ற சில இனங்கள் மற்றவற்றைவிடப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, விரும்புவது வேறு. பகைவனின் பிடியில் அசையாது கிடப்பதும் தவளைகளின் தற்காப்பு முறைகளுள் ஒன்று. அசையாதிருப்பதை அன்பு என்று நாம் பொருள் கொண்டால், அஞ்சிய உயிரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

தொட்டியைத் தூய்மை செய்யவும் நோயைக் கவனிக்கவும் எடுக்கவேண்டிய வேளைகள் உண்டு. அப்போது பேணவேண்டியவை சில:

கைகளைக் கழுவி, சோப்பின் சுவடே இல்லாதபடி அலசி, குளோரின் நீக்கிய நீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். இயன்றால் கையால் பிடிக்காமல், ஈரமான ஒரு கிண்ணத்துக்குள் மெல்ல நகர்த்தி எடுப்பது நன்று. மேலிருந்து திடீரெனப் பற்றக் கூடாது. அதன் கண்ணுக்கு அது கொத்த வரும் பறவை. கையில் எடுத்தே ஆகவேண்டுமெனில் வயிற்றின் கீழ் முழுவதுமாகத் தாங்கி, தரையை ஒட்டிய உயரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். உடலை ஊதினாலோ துள்ளித் தவித்தாலோ உடனே விட்டுவிட வேண்டும். புதிதாக வந்த தவளையை, இரை எடுத்து இடத்துக்குப் பழகும் வரை சில வாரங்கள் தனியே விட்டுவிடுவது நல்லது.

இதில் நம் நலனும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை, வளர்ப்புக் குள்ளத் தவளைகளின் வழியே பரவிய சால்மோனெல்லா கிருமியால் 200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். தவளையை மட்டுமன்றி தொட்டி நீரைத் தொட்டாலும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் அந்தப் பாத்திரங்களைக் கழுவுதல் கூடாது.

தொட்டுப் பழகினால்தானே பிள்ளைகளுக்கு உயிர்கள் மீது இரக்கம் பிறக்கும் என்று சிலர் கூறலாம். பூனைக்குட்டியின் விஷயத்தில் அது பொருந்தும். தவளையோ வேறொரு பாடத்தைக் கற்பிக்க வல்லது. தான் விரும்பியதையெல்லாம் கையில் எடுக்கலாகாது, பிற உயிரின் விருப்பமின்மையையும் மதிக்க வேண்டும் என்பதே அப்பாடம். இரவில் மெல்லிய ஒளியில் அது இரை பிடிப்பதையும், தோலை உரித்துத் தானே உண்பதையும் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். படைத்தவனின் அத்தாட்சிகளைக் காண அந்தப் பார்வையே போதும்.

நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட உயிர் ஓர் அமானிதம். அதற்கு ஈரமும் இரையும் மறைவிடமும் அமைதியும் தருவது நம் கடமை. அதைப் பேணும் மனப்பக்குவத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அருள்வானாக.