களிமண் யார் மண்டையில்?

‘சேரிப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது.’ கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடம் முதல் டீக்கடை வரை புழங்குகிற பேச்சு இது. இட ஒதுக்கீடு என்றதும் ‘தகுதி, திறமை’ என்று குதிக்கிறவர்கள் நாசூக்காகச் சொல்வதும் இதைத்தான். என் ஒண்ணாப்பு வாத்தியார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘ஏ களிமண்ணு’ என்பார். அந்தக் களிமண் எங்கிருந்து வருகிறது என்று அறிவியலைக் கொண்டே கேட்போம்.

மூளைக்குள் மைக்ரோகிளியா என்றொரு செல் இருக்கிறது. உடம்பின் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்தது. வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துக் கட்டுவதிலும் அதற்குப் பங்குண்டு. கிருமிக்குக் குறிபோடுகிற புரதங்களே இந்த இணைப்புகளைக் கழிக்கவும் தேவைப்படுகின்றன என்று 2007இல் எலிகளில் கண்டறிந்தார்கள். ஆக, நோய் எதிர்ப்பும் மூளை வளர்ச்சியும் தனித்தனிக் குடித்தனம் இல்லை. காய்ச்சலில் உடம்பு இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகளை அனுப்புகிறது. எப்பவாவது வந்தால் புள்ளை தேறிவிடும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மாறிமாறி வந்துகொண்டே இருந்தால்? வளர வேண்டிய சோறு சண்டைக்குச் செலவாகிறது. சண்டைச் சத்தம் மூளைக்கும் கேட்கிறது.

டாக்காவின் ஏழைக் குழந்தைகளைப் பற்றி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. காய்ச்சல் நாட்களும் இன்டர்லூக்கின்-6 அளவும் கூடிய குழந்தைகளுக்கு வளர்ச்சித் தேர்வில் மதிப்பெண் குறைவாக இருந்தது. நம் வேலூர்க் குடிசைப் பகுதிக் குழந்தைகள் உட்பட எட்டு நாட்டுக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்த ‘மால்-எட்’ ஆய்வு, நோயும் சாப்பாடும் குடல் கிருமியும் வீட்டுச் சூழலும் ஒன்றோடொன்று பின்னி அறிவு வளர்ச்சியைப் பாதிப்பதை 2018இல் சொன்னது.

ஆய்வாளர்கள் இதற்கு ‘வறுமை’ என்று பெயர் வைக்கிறார்கள். இங்கே வறுமைக்கு விலாசம் உண்டு தோழர்களே. ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் சரிகிறது? குப்பை எந்தத் தெரு ஓரத்தில் கொட்டப்படுகிறது? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் பாய்கிறது, வயலுக்கு இருபோகம். அந்தத் தண்ணி சுத்தமாகி எந்தத் தெருக் குழாயில் கடைசியாக வருகிறது?

பொம்பளைகளைப் பாருங்கள். விடியுமுன் ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறார்கள். வயிற்றுப் புள்ளையோடு போகிறவளும் உண்டு, பச்சை உடம்புக்காரியும் உண்டு. தாய்ப்பால் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியைக் கொடுக்கும் என்று சுவரெழுத்து போதிக்கிறது. பால் கட்டி மார் வலிக்க அவள் மலைமேல் நிற்கிறாள். புள்ளை கீழே சீனித்தண்ணி குடிக்கிறது. ஐம்பது பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஜீப்பில் வந்து போகிறவளின் புள்ளை எந்தக் காப்பகத்தில் தூங்கியது?

நாளைக்கே ஒருத்தன் இதே ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவான்: ‘பாத்தியா, அவுக மூளையே மட்டம்னு அறிவியலும் சொல்லுது.’ விடக்கூடாது. ஆய்வு சொல்வது சராசரி. அது எந்தப் புள்ளையின் தலையெழுத்தும் இல்லை. 1999இல் தொடங்கிய முழு சுகாதார இயக்கத்தைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வைப் படியுங்கள். பிறந்த காலத்தில் அந்தத் திட்டம் எட்டிய குழந்தைகள், ஆறு வயதில் எழுத்தையும் எண்ணையும் கூடுதலாக அடையாளம் கண்டார்கள். ரத்தம் மாறவில்லை. கக்கூஸ் வந்தது. பிறப்பிலேயே அறிவு என்ற மனுவின் கணக்கு அங்கே உடைகிறது.

சாக்கடையை எங்க தெருவுக்குத் திருப்பிவிட்டுப் பரீட்சைத்தாளை மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக நீட்டுவது எந்த ஊர் நியாயம்? இட ஒதுக்கீடு சலுகை இல்லை. தொட்டிலிலேயே பறித்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது. மீதியும் வேண்டும். கூலி இழக்காத பேறுகால விடுப்பு, தோட்டத்தில் காப்பகம், எங்க தெருவுக்கு மூடிய சாக்கடை, சுத்தமான குடிதண்ணி.

எங்க புள்ளைகளின் மூளையை அளக்க வருகிறவர்கள், முதலில் அந்தக் குழாய்த் தண்ணியை ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு வரட்டும்.