பட்டன் டயர் எல்லாருக்கும் தேவையா?

இடுபொருள் செலவைக் குறைத்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் விளைச்சலைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் பிக்கப் வண்டியின் டயர் செலவை நம்மில் பலர் எழுதி வைப்பதே இல்லை.

‘தோட்டத்துப் பாதை சேறு’ என்று பெரிய பட்டன் வைத்த ஆல்-டெரெய்ன் டயர் வாங்குகிறார்கள். சேற்றில் அது நன்றாகப் பிடிக்கும், சரிதான். ஆனா மண் பாதை 2 கிலோமீட்டர், உழவர் சந்தைக்குத் தார் ரோடு 30 கிலோமீட்டர் என்றால்? தார் ரோட்டில் அந்தப் பட்டன் சீக்கிரம் தேயும், டீசலும் கூடும். தினமும் கல்லும் சேறும் மிதிக்கிற மலைத்தோட்டக்காரருக்கு அது வேண்டும். மற்றவங்களுக்குச் சாதாரண லோடு டயரே போதும்.

எந்த டயரானாலும் தேய்மானத்தைப் பாருங்க. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்கணும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓட்டுவது சட்டப்படியே தப்பு. மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்க.

பிடிமானம் இருக்கே என்று ஈர வயலுக்குள் லோடு வண்டியை இறக்காதீங்க. மண்புழு பொலபொலப்பாக்கிய மண் இறுகிப்போகும்.

டயர் விலையை அது ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நோட்டில் எழுதுங்க. அடுத்த டயர் எதுவென்று அந்தக் கணக்கே சொல்லும். கடைக்காரர் சொல்ல வேண்டாம்.